கசிவதற்காகவே ஒரு வால்வு: கேபின் அழுத்த வால்வு மறுவடிவமைப்பில் நடந்தது, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூருவில் விமான உதிரிபாகங்கள் வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தில் ஐந்து பேர் கொண்ட சிறு குழுவில் நான் இருந்தேன். 19 இருக்கைகள் கொண்ட ஒரு டர்போபிராப் விமானத்துக்கு அவுட்ஃப்ளோ வால்வைப் புதிதாக வடிவமைத்துத் தரும் வேலை எங்களிடம் வந்தது. அதில் சரியாகச் செய்தவையும் இருக்கின்றன, தெரிந்தே தள்ளிப்போட்டு மாட்டிக்கொண்டவையும் இருக்கின்றன. இதே மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன். நிறுவனம், ஆட்கள், விமானம் எதன் பெயரும் இங்கே வராது.

விமானத்துக்குள் காற்றை அடைத்து வைத்துக்கொண்டு பறக்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அடைத்து வைப்பதே கிடையாது. எஞ்சினிலிருந்து எடுத்துக் குளிர்வித்த காற்று ஒரு பக்கம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் ஒரு ஓட்டை வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஓட்டையைச் சுருக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும், விரித்தால் இறங்கும். அந்த ஓட்டைதான் அவுட்ஃப்ளோ வால்வு. எங்கள் விமானம் 25,000 அடியில் பறக்கும்போது வெளியே அழுத்தம் சுமார் 5.5 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). உள்ளே 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல, அதாவது சுமார் 10.9 பிஎஸ்ஐ, வைத்திருக்க வேண்டும். பயணிகள் விமானங்களுக்கு வழக்கமான மேல்வரம்பு இந்த 8,000 அடிதான். போயிங் 787 மாதிரி புதிய விமானங்களில் அதை 6,000 அடிவரை இறக்கியிருக்கிறார்கள், களைப்பு குறையும் என்பதற்காக.

இதைவிட முக்கியம் ஏறும், இறங்கும் வேகம். கேபின் உயரம், அதாவது உள்ளே இருக்கும் அழுத்தத்தை உயரமாகச் சொல்வது, நிமிடத்துக்கு 500 அடிக்கு மேல் ஏறக்கூடாது, 300 அடிக்கு மேல் இறங்கக்கூடாது என்பது இந்தத் துறையில் எல்லோரும் பிடித்துக்கொள்கிற கணக்கு. இறங்கும்போது வரம்பு குறைவாக இருப்பதற்குக் காரணம் காதுதான். ஏறும்போது நடுக்காதிலிருந்து காற்று தானாக வெளியே வந்துவிடும், இறங்கும்போது அவ்வளவு லேசில் உள்ளே போகாது. சளி பிடித்த குழந்தையோடு விமானத்தில் இறங்கியவர்களுக்கு இது தெரியும்.

பழைய வால்வில் பார்த்தது

விமானத்தில் அதுவரை இருந்தது ரப்பர் டயஃபிரம் (வளைந்து கொடுக்கும் சவ்வு) வைத்த, காற்றழுத்தத்தாலேயே இயங்குகிற வால்வு. மின்சாரம் இல்லாமலே வேலை செய்யும், அந்த வகையில் அருமையான பொருள். புகார்கள் இரண்டு. காலையில் முதல் பறப்பில் சில சமயம் ஒட்டிக்கொண்டு தாமதமாகத் திறக்கிறது, இறங்கும்போது காதில் ‘குப்’ என்று அடைக்கிறது.

பழுது என்று திரும்பி வந்த வால்வுகளை வாங்கி மேசைமேல் பிரித்தோம். முதலில் கண்ணில் பட்டது பஞ்சு. கம்பளம், இருக்கைத் துணி, சட்டை என்று எல்லாவற்றிலிருந்தும் உதிரும் நூல் துகள் காற்றோடு கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான். அதன்மேல் தலைமுடி எண்ணெயும் காபி ஆவியும் சேர்ந்தாற்போல ஒரு பிசுபிசுப்பு. டயஃபிரத்தின் பின்னால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற துளை குண்டூசி முனை அளவுதான், அதில் இந்தப் பிசுக்கு ஏறினால் வால்வின் குணமே மாறிவிடும். விமானத்தில் புகைபிடிக்க அனுமதி இருந்த காலத்தில் நிலைமை இன்னும் மோசம், நிகோட்டின் கறை வால்வை ஒட்டவைத்தது மட்டுமல்லாமல், விமான உடலில் காற்று கசிகிற இடமெல்லாம் பழுப்புக் கோடாக வெளியே தெரியும். 2002இல் தைவான் அருகே நடுவானில் உடைந்த போயிங் 747இல், பழைய ஒட்டுத் தகட்டைச் சுற்றி அப்படிப்பட்ட கறை இருந்ததை விசாரணையில் கண்டார்கள். இந்த ஓட்டை வழியாக என்னவெல்லாம் போகிறது என்பதை வடிவமைப்பவர் முதலில் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

எந்த வகை, செயலிழந்தால் எங்கே நிற்க வேண்டும்

மின்மோட்டாரால் இயங்கும் வால்வு என்று முடிவு செய்வதில் விவாதம் இல்லை. வடிவத்தில் இருந்தது. ஏர்பஸ் ஏ320இல் விமான உடலோடு படிந்த மடல் வடிவ வால்வு, மூன்று மோட்டார்கள், இரண்டு தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கு, ஒன்று விமானி கையால் இயக்க. எங்களுக்கு அந்த மடல் வடிவத்துக்கு இடமில்லை. வட்டத் தட்டு அச்சில் திரும்புகிற பட்டர்ஃபிளை வால்வு, 125 மி.மீ. விட்டம் என்று எடுத்துக்கொண்டோம். மூன்று மோட்டார் யோசனையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

மின்சாரமோ கட்டுப்பாடோ போய்விட்டால் தட்டு மூடிக்கொள்ள வேண்டுமா, திறக்க வேண்டுமா, இருந்த இடத்தில் நிற்க வேண்டுமா? இதற்கு மட்டும் மூன்று வாரம் எடுத்தோம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. திறந்துகொண்டால் கேபின் காலியாகும். அதனால் மூடிக்கொள்வதுதான் பத்திரம் என்று முதலில் தோன்றும், எனக்கும் தோன்றியது. எங்கள் மூத்த பொறியாளர் 2000 நவம்பர் 20இல் மயாமியில் நடந்ததை எடுத்து வைத்தார். ஹைட்டிக்குக் கிளம்பிய ஓர் ஏர்பஸ் ஏ300 விமானம் அழுத்தக் கட்டுப்பாடு சரியில்லை என்று திரும்பி வந்து தரையிறங்கியது, அவசரமாக வெளியேறச் சொன்னார்கள், ஆனால் கேபினுக்குள் அழுத்தம் முழுக்க இறங்கியிருக்கவில்லை. கதவு அசைய மறுத்தது. விமானப் பணியாளர் ஒருவர் விடாமல் முயன்றபோது கதவு வெடித்துத் திறந்து அவரை வெளியே வீசியது. அவர் இறந்துபோனார். விமான உடலின் உட்புறம் போர்த்தும் காப்புப் போர்வை அவுட்ஃப்ளோ வால்வின் வலைமேல் படிந்து அடைத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. வால்வு மூடியே கிடந்தாலும் அதே கதைதான். ஒரு சதுர மீட்டர் கதவின்மேல் வெறும் 1 பிஎஸ்ஐ மிச்சமிருந்தாலே சுமார் 700 கிலோ எடை சாய்ந்து நிற்கிற மாதிரி.

ஆக, இருந்த இடத்தில் நிற்பது என்று முடிவானது. பின்னாலிருந்து தள்ளினால் திரும்பாத புழு கியர் போட்டோம். மயாமியிலிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொண்டோம்: வால்வின் முன்னால் தட்டையான வலைக்குப் பதில், கூண்டு மாதிரி எழும்பி நிற்கிற, பக்கவாட்டிலும் காற்று நுழைகிற வலை. துணி வந்து ஒட்டினாலும் மேல்பக்கம்தான் மூடும்.

அடுத்தது 2005 ஆகஸ்ட் 14 விபத்து, ஹீலியோஸ் நிறுவனத்தின் பறப்பு எண் 522. லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் வழியாகப் பிராக் போகவேண்டிய போயிங் 737-300. முந்தின இரவு பராமரிப்பில் அழுத்தக் கசிவைச் சோதித்தவர்கள் அழுத்தக் கட்டுப்பாட்டு சுவிட்சை மேனுவலில் (கையால் இயக்கும் நிலையில்) வைத்தார்கள், அது ஆட்டோவுக்குத் திரும்பாமலே விமானம் கிளம்பியது. வால்வு ஓரளவு திறந்தபடியே மேலே ஏறியது. எச்சரிக்கை ஒலித்தது, ஆனால் அதே ஒலிதான் தரையில் ஓடத் தொடங்கும்போது ஏதாவது அமைப்பு தவறாக இருந்தாலும் வரும், விமானிகள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். 121 பேர் இறந்தார்கள். எங்கள் குழுவில் இதைப் பற்றிப் பேசியபோது ஓர் இளம் பொறியாளர் கேட்டார்: “மேனுவல்னா வால்வு கண்ணை மூடிக்கணும்னு யார் சொன்னது சார்?” அந்தக் கேள்விக்காக ஒரு தனி உணரி வைத்தோம். கேபின் 14,500 அடியைத் தாண்டினால், கட்டுப்பாட்டுக் கணினி என்ன சொன்னாலும், சுவிட்ச் எங்கே இருந்தாலும், அது நேராக மோட்டாருக்கு மூடும் கட்டளை கொடுக்கும். புகையை வெளியேற்ற விமானி வேண்டுமென்றே திறக்கிற நேரமும் உண்டு, அதனால் மூடி போட்ட தனி சுவிட்சை அவர் அழுத்திப் பிடித்திருந்தால் மட்டும் அந்த உணரி விலகி நிற்கும்.

முதல் மாதிரியும் சின்ன டேங்க்கும்

இங்கே கொஞ்சம் கணக்கு சொல்ல வேண்டும், பின்னால் வந்த தொல்லை முழுக்க இதிலிருந்துதான்.

உச்ச உயரத்தில் பறக்கும்போது உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு. அந்த நிலையில் காற்று ஓட்டையை ஒலியின் வேகத்தில் கடக்கும், அதற்குமேல் வேகம் கூடாது, அதனால் சின்ன ஓட்டையே போதும். எங்களுக்குத் தேவைப்பட்டது சுமார் 8 சதுர செ.மீ., சின்ன எலுமிச்சம்பழம் நுழைகிற அளவு. தரையில் நிலைமை தலைகீழ். ஏறக்குறைய அழுத்த வித்தியாசமே இல்லாமல் அதே காற்று வெளியேற வேண்டும், அதற்கு 125 மி.மீ. முழுக்கத் திறந்திருக்க வேண்டும், பெரிய சாம்பார்க் கிண்ணத்தின் வாய் அளவு. இரண்டு வேலையையும் ஒரே தட்டு செய்கிறது. விமானம் பறக்கிற நேரத்தில் பெரும்பகுதி தட்டு 20 டிகிரி சுற்றுவட்டாரத்திலேயே நிற்கும். அங்கே ஒரே ஒரு டிகிரி நகர்ந்தால், 25 கன மீட்டர் கேபினில் உயரம் நிமிடத்துக்குச் சுமார் 900 அடி வேகத்தில் மாறத் தொடங்கும். ஒரு டிகிரிக்கு 900 அடி, பயணி தாங்குவதோ 300 அடி. இந்த எண்ணை முதல் நாளே கரும்பலகையில் எழுதி வைத்திருந்தோம், எழுதி வைத்ததோடு சரி.

சோதனைக்கு எங்களிடம் இருந்தது 2 கன மீட்டர் டேங்க். கேபினைவிடப் பன்னிரண்டு மடங்கு சின்னது, அதனால் அழுத்தம் பன்னிரண்டு மடங்கு வேகமாக ஆடும். முதல் மாதிரியை மாட்டி ஓட்டியதும் வரைபடத்தில் ரம்பப் பல் மாதிரி ஏற்ற இறக்கம் வந்தது. “சின்ன டேங்க்தானே, பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், ஒன்றுமே இல்லை” என்றேன். வகுத்தால் நிமிடத்துக்கு 100 அடிக்குள் வந்தது. அறிக்கையில் அப்படியே எழுதினேன், எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த வரியை எழுதியது நான்தான் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த ரம்பப் பல் ஏன் வருகிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, எவ்வளவு பெரியது என்று மட்டும்தான் பார்த்தோம்.

விமானத்தில் மாட்டியபோது

ஆயுள் சோதனையை ஓட்டி முடித்த அதே வால்வைச் சோதனை விமானத்தில் மாட்டினார்கள். நேரம் மிச்சமாகும் என்று எடுத்த முடிவு, தற்செயலாக நல்லதாக அமைந்தது. புது வால்வை மாட்டியிருந்தால் கோளாறு பல மாதம் கழித்துத்தான் வெளியே வந்திருக்கும்.

விமானியின் குறிப்பு சுருக்கம்: 24,000 அடியில் சமநிலையில் பறக்கும்போது கேபின் ஏற்ற இறக்க முள் நிற்கவில்லை, மேலும் கீழும் நிமிடத்துக்கு 300 அடி வரை, ஏறக்குறைய அரை நிமிடத்துக்கு ஒரு ஆட்டம். பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரில் ஒருவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னொருவர் காதில் யாரோ விரலை வைத்து வைத்து எடுப்பதுபோல இருந்தது என்றார்.

முதல் இரண்டு நாள் மென்பொருளைத்தான் குடைந்தோம். வேகத்தைக் குறைத்தோம், கூட்டினோம், வடிகட்டி சேர்த்தோம், ஆட்டத்தின் நேரம் மாறியதே தவிர ஆட்டம் போகவில்லை.

மூன்றாம் நாள் வால்வு மேசைக்கு வந்தது. விமானப்படையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு டெக்னீஷியன் எங்களிடம் இருந்தார். அவர் கணினிப் பக்கமே போகவில்லை. தட்டின் விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து லேசாக முன்னும் பின்னும் ஆட்டினார். ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம். “இங்க வாங்க சார், கையிலயே தெரியுது பாருங்க” என்றார். டயல் கேஜை (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) விளிம்பில் நிறுத்தி அளந்தோம்: 0.38 மி.மீ., கோணத்தில் சுமார் 0.35 டிகிரி. ஒரு டிகிரிக்கு 900 என்றால் இதற்கு 300 சொச்சம். விமானி எழுதிய எண் கேஜில் அப்படியே இருந்தது.

மோட்டார் திரும்பி, கியர் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைத் தாண்டிய பிறகுதான் தட்டு அசையத் தொடங்கும். புதிதாக இருந்தபோது அந்த ஆட்டம் 0.1 டிகிரி, தேய்ந்த பிறகு மூன்றரை மடங்கு. அதைக் கணினி பார்க்கவும் முடியாது, காரணம் கோண உணரியை நாங்கள் மோட்டார் பக்கம் வைத்திருந்தோம், அங்கேதான் இடம் வசதியாக இருந்தது. கணினிக்குத் தட்டு சொன்ன இடத்தில் நிற்பதாகத் தெரியும், தட்டு வேறெங்கோ நிற்கும்.

சீலைக் கழற்றியது

கியர் ஆட்டம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி தட்டின் விளிம்பைச் சுற்றி நாங்கள் போட்டிருந்த டெஃப்ளான் சீல். உராய்வினால் தட்டு சின்னக் கட்டளைக்கு நகராது, இன்னும் கொஞ்சம் தள்ளினாலும் நகராது, அப்புறம் ஒரேயடியாகத் துள்ளும். கரும்பலகையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தால் துள்ளல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஆபத்து என்று தெரியும்.

சீலையே எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது பெரிய எதிர்ப்பு. எங்கள் குழுவின் மூத்தவர் கோயம்புத்தூரில் பம்பு, வால்வுத் தொழிலில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். கசிகிற வால்வை அனுப்புவது அவருக்கு மானப் பிரச்சினை. “கசிஞ்சா அது வால்வே இல்லப்பா” என்றார். நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: பறக்கிற வரைக்கும் இந்த வால்வு ஒருநாளும் முழுக்க மூடப்போவதில்லை, அதன் தொழிலே அளவோடு கசிவதுதான். விளிம்பைச் சுற்றி 0.1 மி.மீ. இடைவெளி விட்டால் கசிவுப் பரப்பு 0.4 சதுர செ.மீ., நமக்குத் தேவையோ 8. ஒரு எஞ்சின் நின்று காற்றுவரத்து பாதியானாலும் 4. தண்ணீரில் இறங்க நேர்ந்தால் மூட வேண்டும் என்பது உண்மை, ஆனால் அந்த இடைவெளி வழியாக வருகிற நீர், கதவு ஓரங்களில் புகுவதோடு ஒப்பிட்டால் பொருட்டல்ல.

அவர் கணக்கை வாங்கிக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்து வந்தார், சரி என்றார். அதோடு நிற்காமல் ஒரு யோசனையும் கொண்டு வந்தார், அது என் யோசனையைவிட நல்லது: தட்டின் அச்சில் கடிகார ஸ்பிரிங் மாதிரி ஒரு சுருள்வில், எப்போதும் ஒரே திசையில் தள்ளிக்கொண்டிருக்கும்படி. கியர் பற்கள் எப்போதும் ஒரே பக்கம் ஒட்டியிருக்கும், தேய்ந்தாலும் ஆட்டம் வெளியே தெரியாது. புழு கியர் இருப்பதால் அந்த வில்லால் தட்டைத் தானாகத் திருப்பவும் முடியாது, இருந்த இடத்தில் நிற்கும் என்ற முடிவு கெடாது. கோண உணரியைத் தட்டின் அச்சுக்கே மாற்றினோம்.

இந்தமுறை சோதனைக்கு, வேலை நின்றுபோன ஒரு பழைய ஆட்டோக்ளேவை (பெரிய அழுத்தக் கலன்) வாடகைக்கு எடுத்தோம், ஏறக்குறைய கேபின் அளவு. முள் நின்றது. 30 அடிக்குள்.

குளிரில் இறுகிய தட்டு

குளிர்ப்பெட்டியில் மைனஸ் 55 டிகிரியில் இரவு முழுக்க வைத்து எடுத்து ஓட்டினோம், எந்தத் தொல்லையும் இல்லை. அடுத்த சோதனையில் உண்மையான நிலையை உண்டாக்கினோம்: வால்வின் சட்டகம் பனிக்குளிர்ந்த தகட்டில் திருகியிருக்க, உள்ளிருந்து அறை வெப்பத்தில் ஈரக்காற்று. இருபதாவது நிமிடத்தில் தட்டு நின்றுவிட்டது. மோட்டார் முனகியது, அசையவில்லை.

எல்லோரும் ஒரே குரலில் ஐஸ் என்றோம். கேபின் காற்றில் மூச்சு ஈரம் இருக்கிறது, குளிர்ந்த விளிம்பில் உறையும், நியாயமான சந்தேகம். விளிம்பில் நீர் ஒட்டாத பூச்சு பூச ஆள் தேடத் தொடங்கினோம். பிரித்துப் பார்த்தபோது ஐஸ் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். தட்டின் விளிம்பில் இரண்டு இடத்தில் பிறை வடிவில் பளபளவென்று தேய்ந்த தழும்பு. ஐஸ் உலோகத்தை அப்படித் தேய்க்காது.

சட்டகம் மைனஸ் 36, தட்டு 24 டிகிரி, இரண்டும் அலுமினியம். 60 டிகிரி வித்தியாசத்தில் 125 மி.மீ. வளையம் விட்டத்தில் 0.17 மி.மீ. சுருங்குகிறது, அதாவது ஒரு பக்கத்துக்கு 0.086. நாங்கள் விட்ட இடைவெளி 0.1. எட்டாம் வகுப்பு வெப்ப விரிவுக் கணக்கு. முழு வால்வும் ஒன்றாகக் குளிர்ந்தபோது இரண்டும் சேர்ந்து சுருங்கியதால் முதல் சோதனையில் தெரியவில்லை. விமானத்தில் அப்படி ஒன்றாகக் குளிர்வது இரவில் நிறுத்தி வைத்திருக்கும்போது மட்டும்தான்.

இடைவெளியை 0.2 ஆக்கினோம். கசிவுப் பரப்பு 0.8 சதுர செ.மீ. ஆனது, தேவையில் பத்தில் ஒரு பங்கு, இதற்குமேல் போகக்கூடாது என்று எல்லை வகுத்தோம். சட்டகத்துக்கும் விமான உடலுக்கும் நடுவில் வெப்பம் கடத்தாத கண்ணாடியிழை கேஸ்கெட் வைத்தோம். கீழ் விளிம்பைச் சரிவாக வெட்டி நீர் வடிய வழி செய்தோம். பூச்சு வேலையைக் கைவிட்டோம்.

விசில்

அடுத்த பறப்பில் முள் நின்றது, காது அடைக்கவில்லை, ஆனால் கடைசி வரிசையில் பிரஷர் குக்கர் விசில் வருவதற்கு முன் ஒரு மெல்லிய சீறல் வருமே, அப்படி ஒன்று நிற்காமல் கேட்டது. ஒலிவேகத்தில் காற்று மெல்லிய பிறை வடிவ இடுக்கில் பாய்ந்தால் பாடத்தான் செய்யும். தட்டின் ஓரத்தில் சின்னச் சின்னப் பற்கள் வெட்டி அந்தப் பாய்ச்சலைச் சிதறடித்தோம். எத்தனை பல், எவ்வளவு ஆழம் என்பதற்குச் சூத்திரம் எதுவும் உதவவில்லை, ஐந்து தட்டுகளை வெட்டி மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். சீறல் எஞ்சின் இரைச்சலுக்குள் அமுங்கியது.

விளைவு

வால்வு தகுதிச் சோதனைகளைத் தாண்டி விமானங்களில் போனது. காலையில் ஒட்டிக்கொள்ளும் புகார் நின்றது. இறங்கும்போது காது அடைப்பது என்ற புகார் ஒன்றிரண்டு வந்தது, பார்த்தால் விமானி வழக்கத்தைவிட வேகமாக இறங்கியிருந்தார், அதற்கு வால்வு ஒன்றும் செய்ய முடியாது. தரையில் முழுக்கத் திறந்திருக்கும்போது ஒரு சதுர மீட்டர் கதவின்மேல் மிச்சமிருக்கும் தள்ளல் 14 கிலோ அளவுதான். மயாமியைப் பற்றிப் பேசியவர் இந்த எண்ணை மட்டும் மூன்று முறை சரிபார்க்கச் சொன்னார்.

இப்போது செய்தால்

முதலில் பெரிய டேங்க். அதற்கான செலவைக் கேட்டு வாங்க எனக்குத் தயக்கமாக இருந்தது, அந்தத் தயக்கம் ஒரு சோதனைப் பறப்பையும் ஏழு வாரத்தையும் தின்றது. ஆட்டம் தெரிந்தால் அதை வகுத்துச் சின்னதாக்குவதற்கு முன், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த பிறகே அறிக்கையில் எழுதுவேன்.

கோண உணரி தட்டின் அச்சில்தான், இடம் இல்லையென்றால் வால்வையே பெரிதாக்குவேன். இடைவெளி வரைகிற அன்றைக்கே வெப்ப வித்தியாசக் கணக்கைப் போட்டுவிடுவேன், சுருக்கத்தை ஒரே வெப்பநிலையில் பார்க்கமாட்டேன். பராமரிப்புக்காரர்களைத் தொடக்கத்திலேயே உட்காரவைப்பேன். நாங்கள் மூன்று நாள் தேடியதை ஒருவர் விரலால் அரை நிமிடத்தில் காட்டினார், அவரை முதல் மாதிரி வந்த அன்றே அழைத்திருக்கலாம். அப்போது அவர் அடுத்த அறையில்தான் இருந்தார்.

தீராமல் இருப்பது ஒன்று: விசிலை நிறுத்திய பற்களில் பஞ்சு சிக்குகிறது. பழைய வால்வில் பார்த்த அதே நூல்தான், இப்போது பல்லிடுக்கில் உட்காருகிறது. 500 மணி நேரப் பறப்புக்கு ஒரு முறை மெல்லிய பிரஷ்ஷால் துடைக்கச் சொல்லியிருக்கிறோம். பற்களின் அடியை வட்டமாக்கி இரண்டு தட்டுகளைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறோம், மழைக்காலம் முடிந்து அவை திரும்பி வந்த பிறகுதான் அந்த 500 மணி நேரக் கெடுவை நீட்டலாமா என்று பார்க்க வேண்டும்.